அருவியில் விட்ட வேட்டி

என் அக்கா வீட்டுக்காரரோடு நான் பேசிப் பத்து நாளாகிறது. மலைக்கோட்டையில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை!

அவருடைய மகள் கரீபியன் கடலில் டொமினிக்கா என்ற தீவில் டாக்டர். அவளைப் பார்க்க மாமாவும் நானும் போயிருந்தோம். கொதிக்கும் ஏரி, கடலடியில் குமிழி விடும் ஊற்று... பார்த்ததையெல்லாம் மணி, நிமிடத்தோடு டைரியில் குறித்தேன். மூன்றாம் நாள், காலை 10.40 - காட்டுக்குள் இரட்டை அருவி. அடியில் ஒரு குட்டையில் வெந்நீர், அடுத்ததில் பச்சைத் தண்ணீர்!

வழிகாட்டி மார்லின் என்ற பெண்மணி. கழுத்தில் லைசென்ஸ் அட்டை. தண்ணீரில் எதையும் விடக் கூடாது, ஏதாவது கிடந்தால் தன் லைசென்ஸ் போய்விடும் என்றார். மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"தெரியும் மாப்ளே."

முக்கால் மணி நேரம் குளித்தார். கரையேறி வேறு வேட்டி கட்டினார். ஈர வேட்டியை... தண்ணீரில் விட்டார்!

"என்ன மாமா பண்றீங்க?"

"காவிரியில, அம்மா மண்டபத்துல விடறதுதானே? பீடை போகட்டும்."

அதற்குள் மார்லின் இறங்கிவிட்டார். கீழே இரண்டு பாறைக்கு நடுவே வேட்டி சிக்கியிருந்தது. எல்லாம் வழுக்குப் பாறை.

"அந்தம்மாவ விட்டுடச் சொல்லு மாப்ளே. பழைய வேட்டிதான்!"

மார்லினுக்குக் கால் சறுக்கியது. முழங்காலில் ரத்தம். ஆனாலும் வேட்டியோடுதான் ஏறி வந்தார். பிழிந்து, நான்காக மடித்து, மாமாவிடம் நீட்டினார்.

"கவலைப்படாதீங்க சார், கிடைச்சிடுச்சு!"

கை தவறி விழுந்ததாக நினைத்திருக்கிறார். தெரிந்தே ஒருவர் இதைச் செய்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன். போன பீடை திரும்பி வந்துரும்."

நான்தான் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. 'தேங்க்ஸ்' என்றேன். கேவலமாக இருந்தது.

திரும்பும்போது வேனில் மாமாவைப் பிடிபிடி என்று பிடித்தேன். அவர் அசரவில்லை.

"ஸ்ரீரங்கத்துல வருஷக்கணக்கா விடறேன். பக்கத்துலதான் குளிக்கிற. அப்பல்லாம் வாயில என்ன வெச்சிருந்த?"

காலில் சுற்றும் துணிகளை ஒதுக்கிவிட்டு முங்கி எழுந்தவன்தானே நான்? காவிரிக்கு லைசென்ஸ் அட்டையோடு யாரும் இல்லை என்ற தைரியம்!

இன்று காலை அம்மா மண்டபத்தில் மிதந்த ஒரு சட்டையை எடுத்துப் படியில் போட்டேன். முங்கிக்கொண்டிருந்தவர் பதறினார்.

"ஐயையோ சார், அது என்னோட பீடை!"

"உங்களோடதுதானே? வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."