புகையில்லாத பதின்மூன்று விநாடி

ஒஹாயோவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வான்டா கோசாக்கின் காரில் கியர் தானாக மாறும். அது கால் மைலைப் பதினான்கு விநாடிக்குள் ஓடவே ஓடாது என்பது அவள் கொழுந்தன் டெல்பர்ட்டின் தீர்ப்பு.

"கிளட்ச் இல்லாத வண்டி சர்ச்சுக்குப் போகத்தான் ஆகும், அண்ணி!"

சனிக்கிழமைக் கால் மைல் கார்ப் பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் முழுதாக மிதித்து, நின்ற இடத்திலேயே சுழலும் டயரின் புகைக்குக் கைதட்டல் வாங்கி, நேரத்தைத் தொலைப்பது வான்டாவின் வழக்கம். அந்தச் சனிக்கிழமை, பிள்ளைகள் சரியாமல் பேருந்தைக் கிளப்பும் பதத்தில் கிளப்பிப் பார்த்தாள். இடது காலால் பிரேக்கை அழுத்தியபடியே வலது காலால் எஞ்சினை உறும வைத்தாள். பச்சை எரிந்ததும் பிரேக்கை விட்டு, வலது காலைச் சீராக இறக்கினாள். புகை வரவில்லை, கூட்டம் ஏமாந்தது. நேரம் காட்டும் பலகை 13.8 விநாடி என்றது.

"மெதுவாத்தானே கிளம்புனீங்க?" என்றான் டெல்பர்ட், நம்பாமல்.

"ஆமாப்பா. இத்தனை நாளா புகையாப் போனது இன்னைக்குத்தான் ரோட்டுல ஓடுச்சு."