ஒலக்கூர் லைனில் நான் வாய் திறந்தது

போன வாரம் மருமகளின் செல்போனில் ஒரு பெண் கூப்பிட்டாள். வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை உண்டா, போலியோ சொட்டு மருந்து போட்டீர்களா, போடாவிட்டால் ஏன் என்று வரிசையாகக் கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, மனசு அந்தப் போனில் அடித்த தேங்காயெண்ணெய் வாசனையின் பின்னால் போய்விட்டது.

நான் ஆபரேட்டராக இருந்த திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஹெட்செட்டிலும் இதே வாசனைதான். மூன்று ஆபரேட்டர்களின் தலையெண்ணெய் அதில் கலந்திருக்கும். அறுபதுகளின் கடைசி. மத்தியானங்களில் கம்பிக்குள் தூரத்து மழை போல ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். லைன் கொடுத்ததும் விலகிவிட வேண்டும் என்பது சட்டம். எனக்கோ காது கொஞ்சம் நீளம்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். ஐஸ் பெட்டியில் சொட்டு மருந்தோடு ஊர் ஊராகப் போவார். மறுநாள் எங்கள் எக்ஸ்சேஞ்ச் வழியாக அந்த ஊர் தபாலாபீசுக்குப் போன் போட்டு, எந்தக் குழந்தைகள் வரவில்லை, ஏன் என்று விசாரிப்பார். "எல்லாம் மல்லாட்டை புடுங்கப் போயிட்டாங்க" என்பார் ஒரு போஸ்ட்மாஸ்டர்; நிலக்கடலை அறுவடைக் காலம். இன்னோர் ஊரில், மருந்து என்றாலே பயம்.

ஒருநாள் ஒலக்கூர் போஸ்ட்மாஸ்டர், வராத ஒரு தாயையே போனுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"ஏம்மா வரல?" என்றார் டாக்டர்.

அவள் அழுதாள். "பெரியவனுக்கு ஜொரத்துல ஊசி போட்டாங்க. மறாநாளே காலு இழுத்துக்கினு போச்சு. இவனையாச்சும் உட்ருங்க."

எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. அவனும் ஒரு காய்ச்சலில் கால் சூம்பிப்போனவன். எப்படி வாய் திறந்தேனோ தெரியாது.

"அக்கா, இது ஊசி இல்லக்கா. வாயில வுடற சொட்டு. என் தம்பிக்கும் காலு போச்சு. அப்ப இந்த மருந்து இல்ல. இருந்திருந்தா எங்கம்மா ஓடிப்போயி வாங்கியிருப்பாங்க."

"நீ யாரும்மா?" என்று அவள் கேட்டாள்.

"லைன் குடுக்கறவ."

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"காட்டு வேலை முடிச்சு சாயந்தரம் தூக்கியாறேன். டாக்டரம்மா இங்க இருப்பாங்களா?" என்றாள் அவள்.

"இன்னைக்கே ஒலக்கூர் வர்றேன். எவ்ளோ நேரமானாலும் இருக்கேன்" என்றார் டாக்டர்.

வந்தாள். கூட நாலு பெண்களையும் பிள்ளைகளோடு இட்டுக்கினு வந்ததாக மறுநாள் போஸ்ட்மாஸ்டர் சொன்னார். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஒட்டுக்கேட்டதுக்கு உங்களைத் திட்டணும். சரி, அடுத்த ஊரு, பிரம்மதேசம் லைன் குடுங்க. குடுத்துட்டு நீங்களும் இருங்க."

அந்த எக்ஸ்சேஞ்ச் இப்போது இல்லை. டாக்டர் இல்லை, தம்பியும் இல்லை. அந்நாளில் எங்கள் ஒரு தெருவிலேயே, முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடக்கும் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். இன்று பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்க்கிறேன். அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் ஓடுகின்றன.