உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள்

லென் ஹாப்குட்டை நான் பல தடவை சாகடித்திருக்கிறேன். கழுத்தில் கயிற்றுத் தடம் போட்டிருக்கிறேன், நெற்றியில் குண்டு துளைத்த ஓட்டை வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆற்றில் ஒரு வாரம் ஊறிய முகத்தோடு அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டேன். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவர் பாட்டுக்கு இரண்டு கரண்டி மசித்த உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஒப்பனை போடுவது என் பிழைப்பு. நான் வேலை பார்த்தது ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில். ஜன்னல் மூடியிருக்கும், கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும், நடுவில் பிணம் கிடக்கும். கொலைகாரன் எப்படி வெளியே போனான் என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சொல்வார்கள். சனிக்கிழமை இரவு அது ஓடும்போது வாசல் மணி அடித்தால் இங்கிலாந்தில் பாதிப் பேர் எழுந்து போக மாட்டார்கள். அந்தத் தொடரின் பிணம்தான் லென்.

முகம் தெரியச் செத்தவர் அதே தொடரில் மறுபடி முகம் காட்டக் கூடாது. லென் முதல் வருடமே முகம் தெரியச் செத்துவிட்டார். ஆனாலும் அவரைக் கைவிட இயக்குநர்களுக்கு மனமில்லை. குப்புறப் போட்டார்கள், கம்பளத்தில் சுருட்டினார்கள், கட்டிலுக்கு வெளியே ஒரு கை மட்டும் தொங்கவிட்டார்கள். மற்றவர்களுக்கு இமை துடிக்கும், வயிறு ஏறி இறங்கும், யாராவது அவர்கள் மேல் குனிந்து வசனம் பேசினால் சிரிப்பு வந்துவிடும். லென் படுத்தால் படுத்ததுதான். மூச்சு எங்கே ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது. உதவி இயக்குநர் மால்கம் மற்ற துணை நடிகர்களிடம், "போய் லென்னைப் பாத்துச் சாகக் கத்துக்குங்க" என்பான்.

இது திறமை என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். முதல் நாள் ஆள் சேர்க்கிற பெண் அவரிடம் என்ன தெரியும் என்று கேட்டாளாம். குதிரை ஏறத் தெரியும், நடனம் தெரியும் என்று மற்றவர்கள் அளந்துகொண்டிருக்க, இவர், "சும்மா இருப்பேன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

ரெடிங் நகரத்தில் பேருந்து ஓட்டியவர் அவர். பிள்ளைகள் இல்லை. மனைவி டோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். இவர் ஓய்வு பெற்ற வருடமே அவள் இறந்துபோனாள். யாரோ சொன்னார்கள் என்று வந்து பிணமாகப் படுத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் சாம்பல் பூசும்போது வளவளவென்று பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டாரா என்பதும் சந்தேகம்.

ஒரு நாள் மணிக்கட்டில் நீல நரம்பு வரைந்துகொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார். வானிலை சொல்கிற குரல்.

"டோரீன் குளியலறையில போய்ச் சேர்ந்தா. உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நான்தான் கதவை உடைச்சேன்."

தூரிகையைக் கீழே வைத்தேன். "ஐயோ லென். எப்படி?"

"நெஞ்சு. தொட்டியில இறங்கின கொஞ்ச நேரத்துலயே போயிருக்கும், நீங்க ஓடிப் போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதை நான் கேக்கல. அவ தாழ்ப்பாள் ஏன் போட்டான்னுதான் தெரியல."

"குளிக்கப் போனா எல்லாரும் போடறதுதானே?"

"எங்க வீட்டுல இல்லம்மா. அந்தக் கதவு சாத்தினா நிக்காது, தானாத் திறந்துக்கும். அப்படியே விட்டுட்டோம், ரெண்டு பேருதானே. தாழ்ப்பாள் மேல நானே வெள்ளைப் பெயின்ட் அடிச்சு, அது இறுகிப்போச்சு. அதை எதையோ வெச்சுத் தட்டி நகத்தியிருக்கா. தரையில பெயின்ட் பொருக்கு கிடந்துச்சு."

அவள் இறந்த அன்று மத்தியானம் இருவரும் சண்டை போட்டிருந்தார்கள். ஈஸ்டருக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறாள், இவர் மாட்டேன் என்றிருக்கிறார். அதன்பிறகு அவள் பேசவில்லை. ராத்திரி தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்குத் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"எந்தத் தொடர்?" என்றேன், கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"இதுதான். நம்மது. அவளுக்கு உசுரு. ஒரு வாரம் விட மாட்டா. அதைக்கூட என்னோட உக்காந்து பாக்கப் பிடிக்காமப் போச்சு, பாரு."

அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். முப்பது வருடம் தாழ்ப்பாள் போடாதவள், கடைசி நாளில் இறுகிப்போன தாழ்ப்பாளைத் தட்டி நகர்த்தியாவது தன்னை வெளியே நிறுத்தினாளா? அப்படி என்றால் அந்த முப்பது வருடத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் இப்படிக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அவர் மணிக்கட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் நீலம் வேணுமா?" என்றார். எங்கள் தொடரில் வாரத்துக்கொரு பூட்டிய அறையைத் திறந்துகாட்ட நாற்பது பேர் உழைக்கிறோம். நான் அவருக்கு நீலம் பூசி அனுப்பினேன்.

பதில் சாப்பாட்டு வண்டியிலிருந்து வந்தது.

எங்கள் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. கதையின் கடைசிப் பக்கங்களை யாருக்கும் தர மாட்டார்கள். பத்திரிகைக்காரன் காதுக்குப் போய்விடும் என்ற பயம் முதலில். பிறகு அது வேலை செய்கிறவர்களுக்கே ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. பாதிப் பேருக்கு வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களைப்போலவே பார்க்க ஆசை. அந்தக் காட்சி ஒத்திகைக்கு வரும்போது மால்கம், "விடை வருது, வேண்டாதவங்க கிளம்புங்க" என்று குரல் கொடுப்பான். விளக்குக்காரர்கள்கூட எழுந்து போய்ப் புகைபிடிப்பார்கள். லென் இதையெல்லாம் பார்த்ததில்லை. விடை வரும் நாளில் பிணத்துக்கு வேலை இருக்காது.

அன்று மழை. வெளிப்புறக் காட்சிகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடாரத்திலேயே விடைக் காட்சியை ஒத்திகை பார்க்க முடிவாயிற்று. லென் மத்தியானம் சாக வேண்டியவர், தட்டோடு, கூடாரத்தை ஒட்டி நின்ற வண்டியின் முன்னால் வரிசையில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நான்.

மால்கம் குரல் கொடுத்ததும், வண்டிக்குள்ளிருந்த சமையல்காரி ஷீனா கரண்டியைப் போட்டாள்.

"இருடா பாவி, நான் இன்னும் மூடல" என்று கத்திக்கொண்டே பரிமாறும் ஜன்னலின் பலகையை இழுத்தாள். அது பாதிக்கு வந்து திரும்பத் திறந்துகொண்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி திறந்தது. உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது, எப்போதும் மாட்டுவதில்லை, துருப்பிடித்துக் கிடந்தது. கரண்டிக் காம்பால் நாலு தட்டுத் தட்டி அதை மாட்டினாள். ஜன்னல் மேடையில் துரு உதிர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எங்கள் இறைச்சிப் பணியாரம் எங்கே என்று வெளியிலிருந்து திட்டினார்கள். உள்ளே அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

லென் அந்தத் துருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு சாய்ந்து அதிலிருந்த பட்டாணி ஒவ்வொன்றாக அவர் காலணி மேல் விழுந்தது.

ஒத்திகை முடிந்து பலகை திறந்ததும் அவர் கேட்டார். "கொக்கி எதுக்குப் போட்டே?"

"சாத்தினா நிக்கலையே லென். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"எங்க மேல கோவமா?"

ஷீனா என்னைப் பார்த்தாள். இவருக்கு என்ன ஆயிற்று என்ற பார்வை. "உங்க மேல எனக்கு என்ன கோவம்? கடைசி என்னன்னு என் காதுல விழக் கூடாது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து பாக்கணும். மரம் மாதிரி நிக்காதீங்க, தட்டை நீட்டுங்க."

அவர் தட்டை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கேத், அவ பதிவு பண்ணியிருப்பாளோ?"

வீடியோப் பெட்டியை இயக்கத் தெரிந்தவள் டோரீன் மட்டும்தான். அவள் போன மறுநாள் இவர் தொலைக்காட்சியையும் அதையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கியதோடு சரி. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நடிக்க வந்தபிறகு அந்தத் தொடரையே அவர் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்துக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று, சின்னது, சுத்தமாகத்தான் இருந்தது. பெட்டியின் மேல் பின்னல் துணி போட்டிருந்தது, தூசி படிந்திருந்தது. கம்பியைச் சொருகினேன். கடிகார எண்கள் மினுமினுத்தன. உள்ளே நாடா இருந்தது. அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார், மற்ற ஓரத்தை விட்டுவிட்டு.

நாடாவைத் திருப்பி ஓடவிட்டேன். எங்கள் தொடரின் இசை வந்தது.

ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பிறகு பார்ப்பதற்காக அவள் நேரம் குறித்து, நாடா போட்டு, எல்லாம் தயார் செய்துவிட்டுத்தான் துண்டை எடுத்திருக்கிறாள். லென் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் பூசுகிற சாம்பல் தேவையே படாத முகம். பாதிக் கதை ஓடியிருக்கும், கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. இங்கதான்."

திரையில் துப்பறிகிறவர் பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கதான் நான் சத்தத்தைக் கூட்டினேன். கோவத்துல மேல போயிட்டா, அவளுக்கும் கேக்கட்டும்னு. அப்புறம் படிக்கட்டுக்கிட்டப் போய், டாக்டர்தான்டி செஞ்சிருக்கான், டாக்டர்தான்னு கத்தினேன். கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எதையோ தட்டுற சத்தம்."

"எப்பவும் அப்படிக் கத்துவீங்களா?"

"எப்பவும். முடியறதுக்குள்ள சொல்லிடுவேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருய்யான்னு தலையணையைத் தூக்கி அடிப்பா. பஸ்ஸுலகூடச் சொல்லுவேன், ஜனங்க திட்டுவாங்க."

அந்த லென்னை நான் பார்த்ததே இல்லை. ஓயாமல் பேசுகிற ஒரு ஆள் ரெடிங்கில் பேருந்து ஓட்டியிருக்கிறார். நாங்கள் அவரைச் சாகக் கற்றுக்கொடுக்கிறவராக வைத்திருந்தோம்.

"டாக்டர்தானா?" என்றேன். அந்தக் கதை எனக்கு மறந்துவிட்டது.

"இல்ல. டாக்டரோட தங்கச்சி." திரையிலிருந்த கதவைக் காட்டினார். "முடிஞ்சதும், நான் தப்பாச் சொல்லிட்டேன்டின்னு சொல்லத்தான் மேல போனேன். தட்டினேன். திறக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, அழுகைதான் வென்றது. அவர் எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். "அப்ப அவ கோவம் என் மேல இல்ல" என்றார், கோப்பையை வைத்துக்கொண்டே. "கடைசி தெரியக் கூடாதுன்னுதான்."

"உங்க வாய் மேலதான்" என்றேன்.

"அது சரி. அதுக்கு அவளுக்கு உரிமை உண்டு."

அதற்கு அடுத்த வாரம் அவருக்கு ஒரு பிரபு வீட்டு நூலகத்தில் குப்புறக் கிடக்கிற வேலை. முதுகில் கத்தியைப் பொருத்திக் கழுத்தை வெளுக்கவைத்து அனுப்பினேன். விளக்கு போட்டார்கள், அமைதி என்றார்கள். கதவை உடைத்துக்கொண்டு நடிகர்கள் உள்ளே வந்தார்கள். கதவு உடைகிற சத்தத்தில் கத்தியின் பிடி லேசாக அசைந்தது. பிறகு நன்றாக அசைந்தது.

"நிறுத்துங்க" என்றான் மால்கம். "பிணம் மூச்சு விடுது."

மறுபடி எடுத்தார்கள், மறுபடி அசைந்தது. மூன்றாவது முறை முதுகே குலுங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான் சரியாகப் பூசவில்லை என்பதுபோல. நான் போய்க் கம்பளத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார், முகத்தைக் கம்பளத்திலிருந்து எடுக்காமலே. "அடக்க முடியல."

"அடக்க வேண்டாம்" என்றேன்.

அவருக்குப் பதிலாக ஒரு பொம்மையைப் போட்டு எடுத்தார்கள். அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். அடியில் முகம் சிவந்து வீங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. இனிமேல் இவரைச் சாகடிக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது, அவருக்கும்தான்.

போகும்போது சாப்பாட்டு வண்டிப் பக்கம் நின்றார். ஷீனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் கொலைகாரன் யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார்.

"வாயைத் திறந்தீங்க, அடிச்சுடுவேன்" என்று ஷீனா கரண்டியை ஓங்கினாள்.

லென் திறந்த வாயோடு கொஞ்சம் நின்றார். பிறகு மூடிக்கொண்டார். ஜன்னல் பலகையை அவரே வெளியிலிருந்து தள்ளிச் சாத்தி, அது திறந்துகொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே அவள் கொக்கியை மாட்டும் வரைக்கும்.