எல்லோருக்கும் ஒரே கவுன்

பீரோவைத் திறந்ததும் எழும் பாச்சா உருண்டை வாசனை, அமிர்தி மலையடிவாரத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கும் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கே என்னை இழுத்துப் போய்விடுகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பப் படம் எடுக்கும் நாளில், டிரங்குப் பெட்டியிலிருந்து வரும் அந்த ஒரே நீலக் கவுனை, மலையிலிருந்து வந்த பெண்கள் எல்லோரும் முந்தினவளின் வியர்வை ஈரம் காய்வதற்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்போம். படத்தைப் பார்த்து அங்கே யாராவது இரங்கிச் செலவை ஏற்காவிட்டால், மறுபடி மலைக்கு, பட்டினிக்கே அனுப்பிவிடுவார்கள்.

“இன்னாடி இளிப்பு? சிரிச்சா யாருக்கு எரக்கம் வரும்?” என்று வார்டனம்மா அதட்டுவார்.

நெல்லிவாசல் மல்லிகாவுக்குக் கேமராவைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். அவளை யாரும் ஏற்கவில்லை. ஜீப்பில் முன்சீட்டு கிடைத்ததென்று சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அடுத்த முறை படம் எடுத்தபோது வார்டனம்மா எங்களில் யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.