ஹைட்ராலிக் குழாய் என்று எழுதி வந்த துவக்கு

அந்தக் குழாயைப் பழைய கம்பளியில் சுற்றி, நான்கு இடத்தில் கயிறு கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். நீளம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. படிவத்தில் ‘ஹைட்ராலிக் குழாய், வெடிப்புச் சோதனை’ என்று எழுதியிருந்தது.

வின்டர்தூரில் நான் வேலை செய்யும் இடத்தில் மொத்தம் ஏழு பேர். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேடுவது எங்கள் தொழில். கேபிள் காரைத் தாங்கும் போல்ட்டுகள், லிஃப்ட்டின் பாகங்கள், பாலத்து ஒட்டுகள் எல்லாம் வரும். பார்த்து, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். மட்டக்களப்பில் பிறந்து, ஒன்பது வயதில் அம்மாவோடு அகதியாக இங்கே வந்தவள் நான். பயிற்சி முடித்த நாளிலிருந்து இதுதான் எனக்கு வேலை.

கம்பளியைப் பிரித்தவர் எங்கள் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அண்ணை. பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இதை ஒருக்கா வந்து பாருங்கோ.”

குழாயின் ஒரு முனை திறந்திருந்தது. மற்ற முனையைக் கனமான திருகு மூடி ஒன்று அடைத்திருந்தது. மூடிக்கு அருகே, மேல்பக்கத்தில், ஒரு குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துளை. நடுவில் இரு பக்கமும் கட்டைவிரல் தடிப்பில் இரண்டு இரும்புக் கொம்புகள். ஹைட்ராலிக் குழாயில் அப்படி ஒரு துளை இருந்தால் எண்ணெய் முழுவதும் வெளியே பீறிட்டுவிடும்.

“இது இடியன் துவக்கு,” என்றார் அண்ணை. துப்பாக்கி எங்களுக்குத் துவக்கு; வாய்வழியாக வெடிமருந்தை இட்டு இடித்துச் சுடுவதை ஊரில் அப்படித்தான் சொல்வோம். “ஆனா இந்த அளவிலை நான் காணேல்லை. ஆள் தோளிலை வைச்சுச் சுடுற சாமான் இல்லை இது. உதிலை கையெழுத்துப் போடாதேங்கோ.”

நான் மேலாளரிடம் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண், கணக்காகப் பேசுகிறவர். உடனே அனுப்பியவரைத் தொலைபேசியில் பிடித்தார். மறுநாள் காலையிலேயே அந்த மனிதர் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஷாஃப்ஹவுசனுக்கு மேலே, ரைன் கரையில் படகு கட்டுகிறவர். அவர் பேசியது அந்தப் பக்கத்து ஜெர்மன். என் காதில் விழுந்தபடி என் தமிழில் எழுதுகிறேன்.

“துவக்கு எண்டு எழுதினா ஒருத்தரும் சோதிக்க மாட்டாங்க. அதுதான் அப்படி எழுதின நான்,” என்றார், வெட்கப்படாமல்.

பிறகு விளக்கினார். முந்திய காலத்தில் இங்கிலாந்தின் கழிமுகங்களில் தாரா எனும் காட்டு வாத்துகளை இப்படித்தான் வேட்டையாடினார்கள். ஒற்றை ஆள் குப்புறப் படுக்கிற தட்டையான தோணி. அதன் மூக்கில் இந்தப் பெரிய துவக்கு. கைகளால் மெல்லத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய், கூட்டத்தை நெருங்கியதும் ஒரே வெடி. இங்கே அது தடை, தெரியும். தான் எந்தப் பறவையையும் சுடப்போவதில்லை. மருந்தும் கடதாசியும் மட்டும் இட்டு, ஒரு தரம் வெடிக்க வைத்துக் கேட்க வேண்டும். துவக்கைச் செய்வதற்கு மாநிலத்தின் அனுமதிக் கடிதம் இருந்தது. மேலாளர் வாசித்துப் பார்த்தார். அதில் குறை ஒன்றும் இல்லை.

“சுடுறதுக்கில்லை எண்டா துவக்கு எதுக்கு? தோணி மட்டும் போதும்தானே,” என்று நான் கேட்டேன்.

“அந்தத் தோணி இந்தப் பாரத்துக்குக் கட்டினது. துவக்கு இல்லாம இறக்கினா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க எந்த ஊர்?”

“வின்டர்தூர்.”

“அதுக்கு முதல்?”

“இலங்கை.”

“ஆ. அங்க சண்டை நடந்ததெல்லோ.” அவர் எதையோ மனதில் குறித்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

மேலாளர் வேலையை எடுத்துக்கொண்டார். சோதிக்கப் போவது நான்.

அடுத்த நாள் மதியம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். படகு கட்டுகிறவரின் மனைவி என்றார். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்.

“நீங்கதானே அந்தக் குழாயைப் பாக்கிறது? அது நல்லம் எண்டு எழுதாதீங்க.”

“ஏன்?”

“எழுதாதீங்க. நீங்க எதைக் கண்டாலும் சரி, காணாட்டியும் சரி.” வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. புருஷன் பெண்சாதி சண்டைக்கு என் கையெழுத்து ஆயுதமா? அல்லது அந்த மனிதர் வேறு எதற்கோ திட்டமிடுகிறார், அது இவருக்குத் தெரியும், சொல்லப் பயமா? மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது அண்ணையிடம் மட்டும்.

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ,” என்றார் அவர். “பிறகு நீங்களும் அந்த மனிசியும் கூட்டு எண்டு கதை வரும்.”

எங்கள் சோதனை சிக்கலானது அல்ல. இரும்பைத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடிப்போம். வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். இருபது நிமிடம் விட்டு மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் தூளைத் தெளிப்போம். உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு மெல்ல வெளியே ஊறி, வெள்ளையில் கோடாக வரும்.

குழாயின் அடிப்பக்கத்தில், மூடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு கோடு வந்தது. பதினான்கு மில்லிமீட்டர். மிக மெல்லியது. ஒரு ஓரம் கலங்கியிருந்தது. அது வெடிப்பாகவும் இருக்கலாம், சரியாகத் துடைக்காத சாயமாகவும் இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் கழுவிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். போல்ட்டு என்றால் செய்திருப்பேன். அன்று நான் செய்யவில்லை. படம் எடுத்தேன், ‘வெடிப்பு உண்டு, பாவனைக்கு ஏற்றதல்ல’ என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பெண்ணின் குரல் சோதனை முடியும்வரை என் காதிலேயே இருந்தது என்று உணர்ந்தேன்.

அவர் வந்து படத்தைப் பார்த்தார். “இது வெடிப்பில்லை. சரியா துடைக்காத சீர் இது,” என்றார். குழாயைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். குரலை உயர்த்தவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அவர்ட மனைவி உங்களுக்குப் போன் எடுத்தவவா?”

“ஓம்.”

“சோதனைக்கு முதலா, பிறகா?”

“முதல்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

வீட்டில் நடந்த ஒரு சண்டையில் அந்தப் பெண்ணே உளறிவிட்டாராம். மனிதர் எழுதிய கடிதம் மேசையில் கிடந்தது. போர் நடந்த நாட்டிலிருந்து வந்த, துவக்கைக் கண்டாலே பிடிக்காத ஒருவரிடம் என் வேலையைக் கொடுத்தீர்கள், என் மனைவி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தார். இரண்டாவது வசனத்தைவிட முதலாவதுதான் என்னைச் சுட்டது. அது முழுப் பொய் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை என்பதால்.

அந்த வாரமே என் பழைய அறிக்கைகளை மேலாளர் வேறொருவரிடம் கொடுத்தார். களஞ்சியத்தில் இன்னும் கிடந்த கேபிள் கார் போல்ட்டுகள் வெளியே வந்தன. நான் பார்த்து முடித்தவற்றை அந்த ஊழியர் என் கண் முன்னால் மறுபடி சோதித்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் காபி இயந்திரத்தடிக்குப் போனால், அங்கே நிற்பவர்கள் கதையை மாற்றுவது தெரிந்தது. அண்ணை கூட, “நான் சொல்லித்தான் மறைச்சனீங்கள் எண்டு அவைக்குச் சொல்லிப்போடாதேங்கோ,” என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியில் மேலாளர் ஒரு வழி கண்டார். மறுசோதனையை அந்த மனிதரின் பட்டறையில், எல்லோர் முன்னிலையிலும் செய்வது. படகு கட்டுகிறவர் ஒரு நிபந்தனை போட்டார். சாயத்தைத் தன் கையால்தான் அடிப்பாராம். நான் தொடக்கூடாது. அதற்கும் சம்மதித்தேன்.

பட்டறை ஆற்றை ஒட்டி இருந்தது. உள்ளே போனதும் நான் முதலில் கண்டது தோணியை. ஐந்து மீட்டர் நீளம், ஒரு ஆள் படுக்க மட்டும் அகலம், விளிம்பு முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீரின் நிறத்தில் சாம்பல் பூசியிருந்தார். மூக்குக் கட்டையில் துளையிட்டு, மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கயிற்றை வளையமாக மாட்டியிருந்தார். வெடிக்கும்போது துவக்கு பின்னால் உதைப்பதை அந்தக் கயிறு வாங்கித் தோணிக்கே கொடுக்கும், படுத்திருக்கிறவனின் நெஞ்சுக்கு வராது. ஒரு ஆணி அடித்த அடையாளம்கூட வெளியே தெரியவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவர் கவனமில்லாத குழாயைச் செய்வாரா என்று எனக்குத் தோன்றியது.

குழாய் இரண்டு மரத் தாங்கிகள் மேல் கிடந்தது. அவர் சிவப்பை அடித்தார். காத்திருந்தோம். துடைத்தார், நான் துடைப்பதைவிட நன்றாக. வெள்ளையைத் தெளித்தார்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் குழாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது நானும் நம்பினேன், நான் பொய்தான் எழுதினேன் என்று. எனக்கு வேண்டியதை நானே வெள்ளையில் கண்டுவிட்டேன் என்று.

அப்போதுதான் கண்டேன், தூள் படாத இடத்தில் இரும்பு மினுங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் வந்தபோது அது அப்படி இருக்கவில்லை.

“இதை மினுக்கினீங்களா?”

“ஓம். துருப்பிடிக்காம இரும்புக்கு நிறம் பிடிக்க வைக்க வேணும். மினுக்காம எப்படி?”

“மினுக்கினா மேல் இரும்பு இழுபட்டு வெடிப்பிட வாயை மூடிவிடும். சாயம் இறங்காது. அந்த இடத்தில கொஞ்சம் அசிட் பூசிக் கழுவிட்டு மறுபடி செய்ய வேணும்.”

அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். “முதல்ல இவ இல்லாத வெடிப்பைக் கண்டா. இப்ப அசிட் ஊத்தி உண்டாக்கப் பாக்கிறா.”

அவர் வேண்டுமென்றே மினுக்கினார் என்று நான் நினைத்தேன். அதை இன்றுவரை என்னால் முழுதாக விட முடியவில்லை.

வாசலில் ஒரு பெண் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் யார் என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்ளே வந்து, சுவரோரமாகக் கிடந்த ஒரு தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார்.

கீழே இன்னொரு குழாய் கிடந்தது. மூடிப் பக்கம் வாழைப்பழம் உரித்ததுபோல மூன்றாகப் பிளந்து விரிந்திருந்தது.

“இதை அவங்களுக்குச் சொன்னீங்களா?” என்று கணவரிடம் கேட்டார்.

பிறகு மனைவி எங்களுக்குச் சொன்னார். போன வருடம் கல் அகழும் குழியில், மண் மேட்டுக்குப் பின்னால் நின்று நீளக் கயிறு இழுத்து வெடிக்க வைத்தார்களாம். கயிற்றைப் பிடித்தவர் மனைவிதான். ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவருக்கு இடது காது கேட்பதில்லை. அடுத்ததை வெளியார் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் வெடிக்க வைக்கக்கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியதும் இவரே.

“அப்ப சோதனையை நம்பியிருக்கலாமே. ஏன் எனக்குப் போன் எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க நல்லம் எண்டு எழுதிட்டா, பிறகு எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.”

மனிதர் போய் அலுமாரியிலிருந்து அசிட் போத்தலை எடுத்து வந்தார். கையுறை போட்டு, நான் காட்டிய இடத்தில் தானே பூசினார். கழுவினார், காயவைத்தார், மறுபடி சிவப்பு, மறுபடி இருபது நிமிடம், மறுபடி வெள்ளை.

முதலில் ஒரு புள்ளி வந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவை நூலாக நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பவில்லை. ஒரு சோக்கட்டியை எடுத்து அந்தக் கோட்டைச் சுற்றி மெதுவாக வட்டம் போட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் தப்பினேன் என்பதுதான் அந்த நேரத்தில் என் நினைப்பு. அவர்கள் இருவரும் தப்பினார்கள் என்பது காரில் பாதித் தூரம் வந்த பிறகே மனதில் பட்டது. மேலாளர் வண்டி ஓட்டிக்கொண்டே, “அந்தத் தொலைபேசிக் கதையை எனக்குச் சொல்லியிருக்க வேணும்,” என்றார். “ஓம்,” என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் குழாயைப் படகு கட்டுகிறவர் அறுத்துவிட்டார். மூன்றாவதைத் திண்ம உருக்கிலிருந்து குடைந்து செய்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் சோதித்தார் என்று கேள்விப்பட்டேன். எங்களிடம் கொண்டுவரவில்லை. இலையுதிர் காலத்தில், அதே குழியில், கயிறு இழுத்து வெடிக்க வைத்திருக்கிறார். அது தாங்கியது.

இதையெல்லாம் சொன்னவர் அவர் மனைவி. ஷாஃப்ஹவுசன் ரயில் நிலையத்தில் தற்செயலாகக் கண்டோம். காபி குடிக்கக் கூப்பிட்டார். கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

“தோணி இப்ப நேரா மிதக்குது,” என்றார். “மருந்து போடாமத்தான் கொண்டுபோறன் எண்டு சொல்றார். ஒவ்வொரு தரமும் நான் துவக்கு வாய்க்குள்ள தடியை விட்டுப் பாத்துத்தான் விடுறன்.”

பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒண்டு கேட்கவா? அண்டைக்கு வெள்ளையில ஒண்டும் வராட்டி, முதல் முறை, உங்கட லாபில. என்ன எழுதியிருப்பீங்க?”

“ஒண்டும் இல்லை எண்டுதான்.”

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். கணவர் அந்த வெள்ளைத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோலவே இருந்தது அந்தப் பார்வை. “ஓம், அப்படித்தான் எழுதியிருப்பீங்க,” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் ரயில் வர இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து, நான் சொன்னது உண்மையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.