எர்ணாவூரில் நான் வைத்த எட்டுக் குடங்கள்

காலை எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கிப் பார்த்தால், நான் ஏழு மணிக்கு வைத்துவிட்டுப் போன எட்டு பிளாஸ்டிக் குடங்களுக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட குடங்கள் நிற்கின்றன. பச்சை, நீலம், சிவப்பு, நசுங்கிய அலுமினியத் தவலை இரண்டு, ஒரு பெயிண்ட் வாளி. வரிசை தெருமுனையில் திரும்பி, அம்மன் கோயிலைத் தாண்டி இன்னும் போகிறது. ஒன்பது மணிக்கு எங்கள் டைரக்டர் வருகிறார். கூடவே நிபுணர் குழுவிலிருந்து இரண்டு பேர்.

முதலில் நான் யார், அந்தக் குடங்கள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இப்போது இதே வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படித்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம்.

அரசு ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் நிதியை எந்தெந்த டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு முதலில் கொடுப்பது என்று பட்டியல் போடும் அலுவலகத்தில் நான் திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். சாதாரண ஜனங்களின் அன்றாடத் தேவைக்கு உதவும் தொழில்நுட்பம் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஆனால் பட்டியலைப் போடும் நிபுணர் குழு ஏசி அறையில் உட்கார்ந்து போடும். ரேஷன் கடையில் முகம் பார்த்து அடையாளம் காணும் கருவி, புகாருக்குப் பதில் சொல்லும் சாட்பாட், சான்றிதழ்களுக்கு பிளாக்செயின் என்று எட்டுத் தலைப்புகள். அந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்தது. பட்டியலை மக்களிடம் காட்டி, எது முதலில், எது அடுத்தது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். வடசென்னை என் பொறுப்பு.

ஓட்டுப்பெட்டி வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார்கள். எனக்கு இருந்ததோ நான்கு நாள். கல்மண்டபத்தில் ஒரு அண்ணாச்சி கடையில் எட்டு நிறத்தில் எட்டுக் குடம் வாங்கினேன். ஒவ்வொரு குடத்திலும் ஒரு தலைப்பை எழுதி ஒட்டினேன். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தால் பிடித்த குடத்தில் போடுவார்கள். வாய் குறுகலாக இருப்பதால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. டைரக்டர் போனில் "பிரில்லியன்ட், செல்வராணி!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வரிசை

எர்ணாவூர் குடியிருப்பில் அந்தத் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வரும். எத்தனை மணிக்கு என்பது லாரிக்கே தெரியாது. காலை ஆறுக்கும் வரும், சாயங்காலமும் வரும். அதனால் குடத்தை வைத்து இடம் பிடிப்பார்கள். வைத்த குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நான் திருவொற்றியூரில் பிறந்தவள். சின்ன வயதில் நானே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். வீட்டில் போர்வெல் போட்டதோடு அது சுத்தமாக மறந்துவிட்டது.

அப்படிப்பட்ட நான், நிழலாக இருக்கிறதே என்று, லாரி நிற்கும் இடத்திலேயே ஷாமியானா போட்டு, எட்டுக் குடத்தையும் வரிசையாக வைத்துவிட்டு, படிவங்களை ஜெராக்ஸ் எடுக்க விம்கோ நகர் போய்விட்டேன். முந்தின நாள் வரவேண்டிய லாரி வரவில்லையாம். அது எனக்குத் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ தகவல் தெரிந்திருக்கிறது, லாரி வருகிறது.

என் குடங்களுக்கு அடுத்து நின்ற பெண் தேவகி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனி யூனிபார்ம் சட்டை, இடுப்பில் செருகிய புடவை. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், இந்த எட்டும் உன்துதா?"

"ஆமாக்கா..."

"ஒரு வூட்டுக்கு மூணு கொடம்தான். எட்ட வச்சிட்டு நாஸ்தா துன்னப் பூட்டியா? அஞ்ச எட்து ஓரமா வை. வரிசைல நிக்கிறவங்கல்லாம் இன்னா லூசா?"

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஒட்டி வேற வச்சிக்கிது பாரு, பேரு எழுதி!" என்றார். தெருவே சிரித்தது. நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் டைரக்டரின் கார் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

மூன்று வருடம்

எங்கள் டைரக்டர் நல்ல மனிதர். மேடை கிடைத்தால் மட்டும் கட்டுப்படுத்த முடியாது. காரிலிருந்து இறங்கி வரிசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

"செல்வராணி, இவ்வளவு பேரா!"

குழுவிலிருந்து வந்த அம்மையார் சந்தேகத்தோடு கேட்டார். "இவங்க எதுக்கு அவங்கவங்க குடத்தைக் கொண்டு வந்திருக்காங்க?"

"இதைத்தான் நான் கோ-கிரியேஷன்னு சொல்றேன்" என்றார் டைரக்டர். "நாம எட்டுத் தலைப்பு கொடுத்தோம். அவங்க நூறு தலைப்போட வந்திருக்காங்க."

நான் அவர் சட்டைக் கையை இழுத்தேன். இழுத்ததைப் பேசக் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, என் கையிலிருந்த மைக்கை வாங்கிவிட்டார். பெரியவர் சத்தமாகக் கேட்டார்.

"சார், எப்ப சார் வரும்?"

டைரக்டருக்கு ஆராய்ச்சி முடிந்து கருவி எப்போது வரும் என்ற கேள்வியாகத்தான் அது போய்ச் சேர்ந்தது. நிமிர்ந்து நின்று, அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். "மூன்றே வருடத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். நான் கேரண்டி."

தெருவில் எழுந்த சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. "மூணு வருசமா! அதுக்குள்ள கடல் தண்ணியக் காச்சிக் குடிச்சிரலாம் நைனா!" என்று ஒருவர் கத்த, பாதிப் பேர் கோபத்திலும் பாதிப் பேர் சிரிப்பிலும் அலற, குழு அம்மையார் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். லாரி இல்லை, இது ஓட்டுக் குடம், தப்பு என்னுடையது.

ஜனங்கள் என்னை மன்னித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவகி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் கொடத்தப் பாத்துட்டுதாம்மா நா கம்பெனி வேன உட்டேன். லாரிக்கோசரம் நிக்கப்போயி இந்த மாசம் இது மூணாவது தபா. இன்னொருவாட்டி லீவு போட்டா வரவே வாணாம்னு சூப்ரவைசர் சொல்லிகீறாரு."

எனக்கு அவமானமாக இருந்தது. படித்தவள், அதிகாரி, இதே ஊர்க்காரி, என் அறிவாளித்தனத்தால் ஒருத்தி வேலை போகப்போகிறது. உடனே அலுவலக லெட்டர்ஹெட்டில், தேவகி அவர்கள் அரசு ஆராய்ச்சிக் கலந்தாய்வில் துறை வல்லுநராகக் கலந்துகொண்டார் என்று எழுதி, முத்திரை குத்தி, டைரக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் படித்துப் பார்க்காமலே போட்டார்.

தேவகி அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சோக்கா கீது. அப்பால நாளன்னிக்கு லாரி லேட்டானா இன்னொரு லெட்டரு தருவியா?"

அவர் எழுந்து போய் என் எட்டுக் குடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மஞ்சள் குடத்தின் முன் நின்றார். அது பிளாக்செயின் குடம். "இது இன்னாது?" என்றார். நான் விளக்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் எனக்கே புரியவில்லை. ஒட்டியிருந்த தாளை அவர் பட்டென்று கிழித்தார்.

"இதுல எழுது. தண்ணி லாரி எப்ப வரும்."

எழுதினேன். படிவம் பூர்த்தி செய்யக்கூட யாரும் காத்திருக்கவில்லை. புளியங்கொட்டைப் பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கால் மணி நேரத்தில் மஞ்சள் குடம் கழுத்து வரை நிறைந்துவிட்டது. ரேஷன் கடைக் குடத்தில் பதினொன்று விழுந்தது. சாட்பாட்டில் இரண்டு, அதில் ஒன்று நான் போட்டது.

ஒன்பதாவது வரி

குழுவின் இன்னொரு உறுப்பினர் ஒரு பேராசிரியர். "இதுல ஆராய்ச்சி எங்கே இருக்கு? லாரில ஜிபிஎஸ் வச்சா முடிஞ்சது" என்றார்.

"வச்சிதான் கீறாங்க சார்" என்றார் தேவகி அக்கா. "மேப்புல பாத்தா லாரி நம்ம முக்குலதான் நிக்கும். துறைமுகத்துக்குப் போற கண்டெய்னருங்க ரோடு ஃபுல்லா நின்னுகினு கீதே, எப்ப வழி உடுவான்? ரொப்புற எடத்துல எத்தினி லாரி கியூ? கரண்டு கீதா? நடுவுல எந்தத் தெருவுல மடக்கிப் புட்ச்சாங்க? இதெல்லாம் உன் மேப்புக்குத் தெரியுமா? எங்க தெருவுல பாதிப் பேருகிட்ட பட்டன் போனுதான் கீது, அதுல மேப்பு எப்டிப் பாக்கறது?"

பேராசிரியர் பேனாவை எடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் தவலை மேல் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். படிவத்தின் பின்பக்கம் தீர்ந்து, என் ஜெராக்ஸ் கட்டையும் கேட்டு வாங்கினார்.

தலைமை அலுவலகத்தில் சிக்கல் வந்தது. அங்கீகரித்த தலைப்பு எட்டுதான், புதிதாகச் சேர்க்க வழியில்லை என்றார்கள். அரசுப் படிவத்தில் எனக்கு நிரம்ப நம்பிக்கை உண்டு. எந்தப் படிவமாக இருந்தாலும் கடைசியில் "இதர" என்று ஒரு வரி இருக்கும். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அந்த வரியில் ஒரு கோடு கிழிப்பதைத் தவிர யாரும் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் எழுதினேன். ஒன்பதாவது, இதர, தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கணித்து சாதாரண போனுக்குக் குரல் அழைப்பாகச் சொல்லும் ஆராய்ச்சி. கீழே ஓட்டு எண்ணிக்கை.

நிதி ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் ஒருவர், "இதர வரிக்கெல்லாம் நிதி ஒதுக்கினதா முன்னுதாரணம் இல்லை" என்றார். டைரக்டர் எழுந்தார். மேடைக் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"நான் அந்தத் தெருவில மைக்கைப் பிடிச்சு மூணு வருஷம்னு சொல்லிட்டேன். கேரண்டின்னு வேற சொல்லிட்டேன். தண்ணியைத்தான் கேட்டாங்கன்னு தெரியாம சொன்னேன், ஆனா சொன்னது சொன்னதுதான். எட்டில எதை வேணும்னாலும் எடுத்துடுங்க. ஒன்பது இருக்கட்டும்."

பேராசிரியர் தன் ஜெராக்ஸ் கட்டை மேசை மேல் வைத்தார். ஒன்பதாவது வரி பாஸானது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை குதித்தேன்.

ஒரு கல்லூரிக் குழு வேலையை எடுத்துச் செய்தது. முதல் வருடம் கணிப்பெல்லாம் கந்தல். அதற்குள் தேவகி அக்காவின் நிரந்தர ஷிப்ட் பறிபோய்விட்டது. யாராவது வராத நாளில் மட்டும் கூப்பிடும் ஸ்பேர் லிஸ்டில் போட்டார்கள். போன் செய்யும்போதெல்லாம், "உன் மிஷினு எப்பம்மா வரும்?" என்பார். எனக்குக் குற்ற உணர்ச்சியில் சோறு இறங்காது. இரண்டாவது வருடம், லாரி டிரைவர்களும் கண்டெய்னர் டிரைவர்களும் போகிற போக்கில் சொல்லும் தகவலைச் சேர்த்த பிறகு, கணிப்பு அரை மணி நேரத்துக்குள் வந்தது. அப்புறம் பத்து நிமிடத்துக்குள். சோதனை ஓட்டமாகத் தெருவுக்குப் போன் வரத் தொடங்கிய இரண்டாவது மாதம் தேவகி அக்காவுக்கு ஷிப்ட் திரும்பக் கிடைத்தது.

திறப்பு விழா

மூன்று வருடம் முடிய ஒரு மாதம் பாக்கி. காலை பத்து மணிக்கு அதே தெருவில் திறப்பு விழா வைத்தோம். லாரி முறை நாளாகவே பார்த்து வைத்தேன், கூட்டம் தானாக வரும் என்று. ஷாமியானா, நூறு நாற்காலி, வாழை மரம், போட்டோகிராபர். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி. டைரக்டர் பேச்சை மூன்று பக்கம் தயார் செய்திருந்தார்.

பத்தானது. பத்தே காலானது. ஒரு நாய் வந்து முன்வரிசையில் படுத்தது. வேறு யாரும் வரவில்லை. வரிசையில் ஒரு குடம்கூட இல்லை.

"என்ன செல்வராணி இது, ஒருத்தர்கூட இல்லை!" டைரக்டரின் முகம் வாடிப்போனது. பெரிய அதிகாரி வாட்சைப் பார்த்தார். நான் தேவகி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னணியில் பேக்கிங் மிஷின் ஓடும் சத்தம்.

"அக்கா, விழாவுக்கு வரலையா? தெருவுல யாருமே இல்லையே!"

"இன்னாம்மா நீ, காலைலயே போன் வந்துச்சே, லாரி சாங்காலம் அஞ்சு இருவதுக்குதான்னு. அல்லாரும் வேலைக்குப் பூட்டாங்க. நா டூட்டில கீறேன். இப்ப அங்க வந்து குந்திகினு இன்னா பண்ணச் சொல்ற? வைக்கிறேன், சூப்ரவைசரு வராரு."

லைன் கட்டானது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூன்று பக்கப் பேச்சால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெரிய அதிகாரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவரும் சேர்ந்துகொண்டார்.

நான் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். ஐந்தே கால் ஆனதும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தேவகி அக்கா கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குள் போய்க் குடத்தோடு வந்தார். லாரி ஐந்து இருபத்து நான்குக்கு வந்தது. "நாலு நிமிசம் லேட்டு" என்று என்னிடம் புகார் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிதி கேட்டு யார் எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும், இதனால் இன்றைக்குக் காத்திருக்கிற யார் நாளைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஃபைலைத் திருப்பிக் கொடுங்கள்.

மறுநாள் இறுதி அறிக்கை எழுதினேன். "திட்டத்தால் விளைந்த பயன்" என்ற கட்டத்தில் ஒரு பக்கம் எழுத இடம் இருந்தது. நான் இரண்டு வரிதான் எழுதினேன். திறப்பு விழாவுக்குப் பொதுமக்கள் ஒருவரும் வரவில்லை. அனைவரும் வேலைக்குச் சென்றிருந்தனர். டைரக்டர் இந்த முறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.