ஒன்பதாவது மாடிக்கு ஒரு சோதனை ஓட்டம்

இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் லிஃப்டில் ஏறப் பயந்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நான்கு மணி நேரம் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டார். அன்றோடு வேலைக்கு முழுக்கு.

விதி அதோடு விட்டதா? மகள் குடியிருப்பது ஒன்பதாவது மாடியில். குறைமாதத்தில் பிறந்த பேத்தியை வெளியே எடுத்துவரக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. மூட்டு தேய்ந்த காலோடு இவரால் படியேறவும் முடியாது. இரண்டு மாதமாக அந்தப் பிஞ்சு முகத்தைக் கைபேசியில்தான் பார்த்தார்.

பயம் போக ஒரு மனநல ஆலோசகரிடம் போனார். அந்த அம்மாள் தினமும் செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சித் தாளை மூன்றாவது வாரம் அவரிடமே நீட்டினார். இருபத்தொரு டிக்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டீங்களா சார்?"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். "இப்பதான்... வாசல்ல வெச்சு மேடம். பராமரிப்பு அட்டையை மாசக் கடைசியில மொத்தமா நிரப்பிப் பழகின கை."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சொன்னதுல எது உங்களுக்கு ஒத்து வரலை? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்."

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை.

"முதல் நாளே ஏறிப் போகச் சொல்லிட்டீங்களே மேடம்! ரிப்பேர் பார்த்த லிஃப்டுல எடுத்தவுடனே ஆளை ஏத்துவாங்களா? முதல்ல காலியா ஓட்டணும். அப்புறம் எடை வெச்சு ஓட்டணும். மனுஷன் கடைசியிலதான்."

"அட, இது எனக்குத் தோணலையே! அப்ப இந்தத் தாளை நீங்களே எழுதுங்க."

எழுதினார். முதல் நாள் மகள் வீட்டு லிஃப்டை வெறுமனே மேலே அனுப்பினார். மறுநாள் தன் கருவிப் பையை ஏற்றி அனுப்பினார். கைபேசி அலறியது.

"அப்பா, பை மட்டும் வந்திருக்கு! நீங்க எங்க?"

"அது சோதனை ஓட்டம்மா. ஆள் பின்னாடி வரும்."

திரும்பி வந்த பையைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு காலுறை! அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

பிறகு ஒரு மாடி. அப்புறம் மூன்று. ஒரு நாள் ஐந்தாவதில் வேர்த்து விறுவிறுத்து இறங்கிவிட்டார். அன்றைக்கு ஒளிக்காமல் தாளில் பெருக்கல் குறி போட்டார்.

பதினேழாம் நாள் ஒன்பதாவது மாடிக் கதவு தட்டப்பட்டது. மகள் திறந்தாள்.

காலுறையை நீட்டினார்.

"இது யாரோடதும்மா? கீழ வந்துடுச்சு... கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."